தாய்மாமன் வந்த கோடை

மே 8

அக்காவின் பிளஸ் டூ முடிவு வந்துவிட்டது. அப்பா பகல் ஷிப்டில் தறியை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. இன்று நிறுத்தினார். அக்காவின் மார்க்கைப் பட்டறை முழுக்கக் கத்திச் சொன்னாராம். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காததால் ஒவ்வொருவர் காதிலும் போய்த் தனித்தனியாகச் சொல்லிவிட்டு வந்தாராம்.

சௌபர்ணிகா அக்கா ஏ.ஐ. படிக்கப் போகிறாள்.

"அதென்ன படிப்பு, கண்ணு?" என்று அம்மா கேட்டார். அவர் தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தார், நாடாவுக்கான நூலைக் குச்சியில் ஏற்றும் வேலை.

"மனுசன் யோசிக்கறதையெல்லாம் மெசினே யோசிக்கும்மா. அந்தப் படிப்பு."

"அப்பறம் மனுசன் என்ன பண்ணுவான்?"

எல்லோரும் சிரித்தோம். அம்மா சிரிக்கும்போதும் கை தார் சுற்றுவதை நிறுத்துவதில்லை.

என் பத்தாம் வகுப்பு முடிவு அடுத்த வாரம் வரும். நூலகத்திலிருந்து துருவப் பயணம் பற்றிய புத்தகம் எடுத்து வந்திருக்கிறேன். பனியில் சிக்கியவர்கள் கடைசியில் நாய்களைத் தின்னும் இடம் வந்துவிட்டது.

மே 12

கல்லூரியைப் பார்க்க நால்வரும் போனோம். வாசலில் நீரூற்று. உள்ளே ஏ.சி. அலுவலக சார் அப்பாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அப்பா அதன் நுனியில் உட்கார்ந்தார்.

"போன வருசத்த விட இந்த வருசம் ஏறிப்போச்சுங்க. அடுத்த வருசம் இன்னும் ஏறும். இன்னிக்கே அட்வான்ஸ் கட்டிட்டா சீட்டு உங்களுது" என்றார்.

"நாலு வருசமும் இதே ஃபீஸுதானுங்களா?" என்று அம்மா கேட்டார்.

"அத மேனேஜ்மெண்ட் முடிவு பண்ணும்மா."

வேலை கிடைத்தவர்களின் முகங்களைப் பெரிய தட்டியில் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு முகத்தின் கீழும் சம்பளம். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய் ஒரு முகத்தின் முன் நின்றார்.

"இந்தப் பையன்தானுங்களே நம்ம பட்டறைக்குப் பார்சல் கொண்டாந்து குடுக்கறது?"

அக்கா அம்மாவின் கையைக் கிள்ளினாள். அலுவலக சார் ஃபோன் பேசப் போய்விட்டார்.

திரும்பி வந்தவர் அக்காவின் சான்றிதழ்களைப் புரட்டினார். "எட்டாவது வரைக்கும் கவர்மெண்டா? அடடா. பன்னெண்டு வரைக்கும் அங்கயே படிச்சிருந்தா கவர்மெண்ட் ஸ்கூல் ஒதுக்கீட்டுல சீட்டு கெடைச்சிருக்கும். ஃபீஸ அரசாங்கமே கட்டியிருக்கும். யாரு மாத்தச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அப்பாதான் மாற்றினார். பட்டறை முதலாளியிடம் முன்பணம் வாங்கி, ஒன்பதாம் வகுப்பில் அக்காவைத் தனியார் பள்ளியில் சேர்த்தார். மஞ்சள் பேருந்து முதல் நாள் எங்கள் வாசலில் வந்து நின்றபோது தெருவே பார்த்தது. என்னையும் மாற்றப் பணம் இல்லாததால் நான் அரசுப் பள்ளியிலேயே இருந்துவிட்டேன்.

அட்வான்ஸ் கட்டிவிட்டோம். சேராவிட்டால் திரும்பக் கிடைக்காது என்று ரசீதிலேயே அச்சடித்திருக்கிறது. பேருந்தில் அப்பா அந்த ரசீதை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தார்.

மே 16

பத்தாம் வகுப்பு முடிவு. பள்ளியில் இரண்டாம் இடம். வீட்டில் யாரும் கேட்கவில்லை, மறந்திருப்பார்கள். ராசாமணி அக்கா வந்திருந்தார்.

மே 18

ராசாமணி அக்கா அடுத்த தெரு. முன்பு அவரும் தார் சுற்றியவர்தான். இப்போது மாடி வீடு கட்டியிருக்கிறார். கலகலப்பாகப் பேசுவார். இன்று மறுபடி வந்தபோது என்னைப் பார்த்து, "என்ன கோபிகா, புக்குக்குள்ள தலைய உட்டு என்ன தேடற? சோறு ஏதாச்சும் உழுந்து கெடக்குதா?" என்றார்.

பிறகு அம்மா பக்கம் திரும்பி, சேலையை விலக்கி இடுப்பைக் காட்டினார். பின்பக்கம் வரை ஒரு தழும்பு ஓடுகிறது. "பாத்துக்க பூங்கொடி. இதோட நான் எத்தன கல்யாணத்துல ஆடிட்டேன். ஒண்ணு குடுத்துட்டா ஒண்ணு இருக்குதல்லோ."

அப்பா கத்தினார். "எம் பொண்டாட்டி ஒடம்ப வித்துத்தான் புள்ளையப் படிக்க வெக்கோணுமா? எந்திரிங்க மொதல்ல."

"சரிங்கண்ணா, எந்திரிக்கறேன். பேங்குக்குப் போயிட்டு வந்தீங்களே, என்ன சொன்னாங்க?"

மேனேஜ்மெண்ட் சீட்டுக்குக் கடன் கிடையாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அது ராசாமணி அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. அப்பா நின்றுகொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "நான் குடுக்கறேன்" என்றார்.

"உங்களுக்குச் சக்கரை இருக்குதுங்க. எடுக்க மாட்டாங்க" என்றார் அம்மா. "நீங்க நின்னு தறி ஓட்டோணும். நான் உக்காந்துதானுங்க தார் சுத்தறேன்."

அதற்குப் பிறகு அப்பா ஒன்றுதான் கேட்டார். "வலிக்குமா?"

சாயங்காலம் அம்மா என்னிடம் வந்து, இதைப் பற்றி உன் பாடத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்துச் சிறுநீரகம் பற்றி வாசித்துக் காட்டினேன். அவரை விதை வடிவம், அடர் சிவப்பு நிறம், முதுகெலும்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று. ஒன்று இருந்தாலும் உயிர் வாழலாம் என்று நூலகத்து உடலியல் புத்தகத்திலிருந்தும் வாசித்தேன்.

"புத்தகத்துலயே போட்டுருக்குதா?" அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது.

"போட்டிருக்குதும்மா."

அதற்கு அடுத்த பத்தியை நான் வாசிக்கவில்லை. அம்மாவுக்கு அடுப்பு வேலை இருந்தது.

மே 25, ஞாயிறு

எனக்கு ஒரு தாய்மாமன் கிடைத்திருக்கிறார்.

பணத்துக்குக் கொடுப்பது சட்டப்படி குற்றமாம். பாசத்துக்குக் கொடுக்கலாமாம். அதனால், சிறுநீரகம் கெட்டுப்போன சுந்தரமூர்த்தி என்பவர் அம்மாவின் பெரியப்பா மகனாக வந்திருக்கிறார். மருத்துவமனையில் ஒரு குழு எங்களை விசாரிக்கும். ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், என்பதற்குப் படங்கள் வேண்டும்.

ராசாமணி அக்கா எங்களை வேறு ஊரில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்தவர் எங்களைப் பார்த்ததும், "தெரட்டி ஒண்ணு, காதுகுத்து ஒண்ணு, பொங்கல் ஒண்ணு. அவ்வளவுதானுங்களா அக்கா?" என்று கேட்டார். வாழைமரம், சீர்த்தட்டுகள், பிளாஸ்டிக் கரும்பு எல்லாம் மூலையில் தயாராக இருந்தன.

இரண்டு வருடம் முன்பு நான் வயதுக்கு வந்து எனக்கு உண்மையாகத் தெரட்டி செய்தபோது மாமன் இல்லை. அம்மாவுடன் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. சீர் யார் வைப்பது என்று வந்தவர்கள் வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் அப்பாவுடன் தறி ஓட்டுபவர் மாலை போட்டார். அம்மா உள்ளே போய் அழுதார்.

இன்று பட்டுச்சேலை கட்டி என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சுந்தரமூர்த்தி மாமா மாலை போட வந்தார். முகம் ஊதியிருந்தது. இடது முழங்கைக்குக் கீழே, டயாலிசிஸ் ஊசி ஏற்றும் நரம்பு முறுக்கிய கயிறு போலப் புடைத்திருந்தது. மாலையை என் கழுத்தில் மெதுவாகப் போட்டார்.

"நல்லா இரு, கண்ணு" என்றார். அப்படிச் சொல்ல யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"மாமன் மூஞ்சியப் பாத்துச் சிரி பாப்பா" என்றார் ஸ்டுடியோக்காரர். "பொங்கல் போட்டோ பழசாத் தெரியோணும்னா கலரைக் கொஞ்சம் மங்க வெச்சுக்கலாங்க. அதுக்குத் தனியாக் காசு."

அம்மா மாமாவின் பக்கத்தில் நின்றார். இருவருக்கும் நடுவில் இன்னொருவர் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. "அண்ணன் தங்கச்சிங்கம்மா. கிட்ட வாங்க" என்று ஸ்டுடியோக்காரர் சொல்ல வேண்டியிருந்தது.

மாமாவின் மனைவி வெளியே காரிலேயே இருந்தார்.

ஜூன் 2

பள்ளி திறந்தது. மிச்சமாகும் பணத்தில் என்னையும் அக்கா படித்த பள்ளியில் சேர்க்கலாம் என்றார் அப்பா. மாற்றினால் என் ஒதுக்கீடும் போய்விடும் என்றேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் அதைச் சொல்லிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை.

பிளஸ் ஒன்னில் உயிரியல் பிரிவு கிடைத்துவிட்டது.

ஜூன் 8

மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். பழக வேண்டுமாம். அம்மா அரிசிம்பருப்புச் சோறு செய்திருந்தார். மாமா இரண்டு வாய்தான் சாப்பிட்டார். நான் சொம்பு நிறையத் தண்ணீர் வைத்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் மூடியை எடுத்து, அதில் பாதி ஊற்றி, நாக்கை நனைத்துக்கொண்டார். "இவ்வளவுதான் கண்ணு எனக்கு" என்றார்.

என்ன படிக்கிறாய் என்று கேட்டார். துருவப் பயணக் கதையைச் சொன்னேன். நாய்களைத் தின்ற இடம் வந்ததும் "போதும்மா" என்றார்.

ராசாமணி அக்கா ஒத்திகை பார்த்தார். மாமாவுக்கு எத்தனை பிள்ளைகள், நாங்கள் எப்போது அவர்கள் வீட்டுக்குப் போவோம், மாமாவுக்குப் பிடித்த பலகாரம் என்ன. அக்கா எல்லாவற்றிலும் தடுமாறினாள். அப்பா தப்பாகச் சொல்லிவிட்டு ஸாரி என்றார். அம்மா ஒவ்வொரு முறையும் "அண்ணன்" என்பதற்குப் பதில் "சார்" என்றார்.

"பூங்கொடி, நீ எதுவும் பேசாத. அழு. அது போதும்" என்றார் ராசாமணி அக்கா. என்னைப் பார்த்து, "இவ பேசட்டும். இவ சொன்னா எனக்கே நெசமாட்டத் தெரியுது" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

ஜூன் 19

விசாரணை. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு டாக்டர் அம்மா. பெரியவர்களிடம் பேசி முடித்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு என்னை மட்டும் உட்காரச் சொன்னார்.

"மாமா உன்னை வீட்டுல எப்படிக் கூப்பிடுவார்?"

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி.

"புத்தகப் பூச்சின்னு கூப்பிடுவாருங்க மேடம். வீட்டுக்கு வந்தா மொதல்ல என் பையைத் தொறந்து என்ன புத்தகம் இருக்குதுன்னு பாப்பாரு. என் தெரட்டிக்கு எல்லாரும் பட்டு கொண்டு வந்தாங்க. மாமா பட்டுக்குள்ள ஒரு அகராதியச் சுத்திக் கொண்டு வந்தாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அம்மா மட்டும் அழுதாங்க."

சொல்லும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை. அப்படி ஒரு மாமா இருந்திருக்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "யாராவது பணம் தரேன்னு சொன்னாங்களா?"

"இல்லீங்க மேடம்."

"நீ என்ன சொன்னாலும் வெளிய போகாது. உனக்கு வேற ஏதாவது சொல்லணுமா?"

கதவின் கண்ணாடி வழியே அம்மா தெரிந்தார். பெஞ்சில் கால்களைச் சேர்த்து வைத்து, பரீட்சை ஹாலுக்கு வெளியே காத்திருக்கும் பிள்ளை போல உட்கார்ந்திருந்தார். வாய் எதையோ முணுமுணுத்தது. "அண்ணன், அண்ணன்" என்று சொல்லிப் பார்க்கிறார் என்று உதட்டை வைத்தே தெரிந்துகொண்டேன். பக்கத்தில் அக்கா, கல்லூரி விடுதியின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டாக்டர் அம்மா காத்திருந்தார். அவர் அவசரப்படவே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இல்லீங்க மேடம்" என்றேன்.

"நல்லாப் பேசறே. என்ன படிக்கப் போறே?"

"டாக்டருக்குங்க."

"நல்லாப் படி" என்றார்.

ஜூன் 24

அனுமதி கிடைத்துவிட்டது. அப்பா எல்லோருக்கும் பரோட்டா வாங்கி வந்தார். யாரும் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

ஜூலை 10

இன்று அறுவை சிகிச்சை. அப்பாவும் அக்காவும் அங்கே இருக்கிறார்கள். நான் பள்ளிக்குப் போனேன். விலங்கியல் டீச்சர் செல் பற்றிப் பாடம் எடுத்தார். குறிப்பு எழுதினேன். கையெழுத்து நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன், துணி துவைத்தேன், அம்மா பாதியில் விட்டுப்போன தாரைச் சுற்றினேன். நூல் அறுந்துகொண்டே இருந்தது.

ஜூலை 20

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். எழுந்து நிற்க என் தோள் வேண்டும். தும்மல் வந்தால் தலையணையை இடுப்பில் அழுத்திக்கொள்கிறார். நேற்று தும்மல் வராமல் இருக்க மூக்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்து அக்கா சிரித்தாள், அம்மாவும் சிரித்தார், அப்புறம் வலி வந்துவிட்டது.

ராசாமணி அக்கா பேசிய பணத்தில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தார். "மிச்சம் வரும். ஆளு பொழச்சு எந்திரிச்சு உக்காரட்டும்" என்றார். வந்தது அக்காவின் முதல் வருடத்துக்குச் சரியாகப் போய்விட்டது.

மாமா எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கத் தோன்றியது. அப்பாவின் ஃபோனிலிருந்து கூப்பிட்டேன். அவர் மனைவி எடுத்தார்.

"கோபிகா பேசறனுங்க."

"எந்த கோபிகா?"

சொன்னேன். "இந்த நம்பருக்கு இனிமேல் கூப்பிடாதம்மா" என்றார். தூரத்தில் மாமாவின் குரல் கேட்டது. தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். உடனே "இந்தாங்க" என்று யாரோ கொடுப்பதும் கேட்டது. நிறையக் குடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 18

அக்கா விடுதிக்குப் போய்விட்டாள். புதுப் பெட்டி, புது லேப்டாப். பேருந்தில் ஏறும்போது அம்மாவின் காலைத் தொட்டாள். கால் வீங்கியிருந்ததில் அவள் விரல் பட்ட இடம் குழியாக நின்றது. அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. பட்டறையில் தறிகளைத் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். தறி ஓடாத ஊரில் காது அடைத்தது போல இருக்கிறது.

அக்கா வந்திருக்கிறாள். இளைத்திருக்கிறாள். வகுப்பு எப்படி என்று அப்பா கேட்டதற்கு "நல்லா இருக்குதுப்பா" என்றாள். என்னிடம் மட்டும் சொன்னாள். "ஹால் நெறையப் புள்ளைங்கடி. ஒரு சாரு வேலைய விட்டுட்டுப் போயிட்டாரு, வேற ஆளு வரல. சீனியருங்க பாதிப் பேரு வேலையில்லாம அங்கயே சுத்தறாங்க. பதினேழாந்தேதிக்குள்ள வேலைவாய்ப்புப் பயிற்சிக்குன்னு தனியாக் கட்டோணுமாம்."

"அப்பாகிட்டச் சொன்னியா?"

"சொல்லல." அவள் தாவணி நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "நான் நிறுத்திடட்டுமா கோபி?"

நான் யோசித்துப் பார்த்தேன். "நிறுத்தினா கட்டினது திரும்பி வருமா?"

"வராது."

"அம்மாது?"

அக்கா எழுந்து போய்விட்டாள். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

அம்மாவால் இப்போது வெகுநேரம் உட்கார முடிவதில்லை. படுத்து எழுந்து, படுத்து எழுந்து சுற்றுகிறார். உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டரிடம் மறுபடி போக வேண்டும். அக்கா என்னிடம் சொன்னதைக் கேட்டுவிட்டார் போல, பயிற்சிக்குக் கட்டிய பிறகு பார்க்கலாம் என்கிறார்.

அக்டோபர் 12

ராசாமணி அக்கா வந்தார். அவரைப் பார்த்ததும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"பாக்கி வரலீன்னு உங்கப்பன் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத் திரியறாரு" என்று என்னிடம் சொன்னார். "வரும். நான் வாங்கித் தாறேன். அதுக்கு நீ ஒரு ஒத்தாசை பண்ணோணும். உன்ற கிளாசு ஜீவிதா இருக்கறாளல்லோ, அவங்கப்பன் குடுக்கறாரு. அண்ணங்காரனுக்குக் காலேஜு. உங்கக்கா படிக்கற அதே காலேஜுதான். அந்தப் புள்ள வாயத் தொறந்தா ஒளறுது. நீ ரெண்டு நாளு ஒக்காந்து சொல்லிக் குடு. தீவாளிக்குள்ள பாக்கிய உங்கம்மா கையில வெக்கறேன்."

"எனக்குப் படிக்கறது இருக்குதுங்க அக்கா."

"உன்ற காலேஜுக்கும் ஒரு வழி பொறக்கும்."

"எனக்கு ஃபீஸு அரசாங்கம் கட்டும்."

"கட்டட்டும். உங்கம்மாளுக்கு ஆஸ்பத்திரிச் செலவ எந்த அரசாங்கம் கட்டும்?" என்று சிரித்தார். தட்டிலிருந்த பொரியை ஒரு கை அள்ளிக்கொண்டு போனார்.

அம்மா உள்ளே படுத்திருந்தார். எல்லாம் கேட்டிருக்கும்.

அக்டோபர் 15

அக்காவுக்குக் கட்ட வேண்டிய கடைசி நாள் நாளை மறுநாள். கல்லூரியிலிருந்து அப்பாவுக்கு நேரடியாகவே ஃபோன் வந்துவிட்டது.

அக்டோபர் 16

பள்ளி விட்டதும் ஜீவிதா என்னுடன் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு ஒரு சித்தப்பா வந்திருக்கிறாராம். ஸ்டுடியோவுக்குப் போய் வந்தாயிற்றாம்.

"அவங்க கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லாத" என்றேன். "கேக்காததையும் ஒண்ணு சேத்துச் சொல்லு. சித்தப்பா உனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தாருன்னு வெச்சுக்க. நீ எங்க விழுந்த?"

"நான் விழவே இல்லியே. எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது."

"ரேசன் கடை முக்குல விழுந்த. அவரு தூக்கிவிட்டு, உங்கப்பாகிட்டச் சொல்லாதன்னு சொல்லிட்டு ஐஸ் வாங்கிக் குடுத்தாரு. சொல்லிப் பாரு."

மூன்றாவது தடவையில் நன்றாகச் சொல்லிவிட்டாள். ஐஸ் என்னும் இடத்தில் சிரிப்புகூட வந்தது.

பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவள், செருப்பைப் போடாமல் திரும்பினாள். உண்மையாகவே அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் போலிருக்கிறது.

"கோபி, உங்கம்மா இப்ப நல்லா இருக்காங்கல்ல?"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அம்மா எழ முயன்று மறுபடி படுக்கும் சத்தம் அது.

நான் ஜீவிதாவின் கண்ணை நேராகப் பார்த்தேன். "நல்லா இருக்காங்க. நேத்துக்கூட ஒறம்பரக் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தாங்க. பந்தியில நின்னு பரிமாறினாங்க. நாந்தான் வாங்கம்மா போலாம்னு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன்."

அவள் மூச்சை விட்டாள். முகம் தெளிந்துவிட்டது.

"அப்பாகிட்டச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் ஓடினாள்.